கோயில் பார்க்கப் போயிருக்கிறாள்

அந்தப் படத்துக்கு நூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டிருந்தார்கள். சிசிலித் தீவில், அக்ரிஜென்டோ என்ற ஊரில், மிகப் பழைய கிரேக்கக் கோயில் ஒன்றின் தூண்களுக்கு முன்னால் நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறேன். தலையில் வைக்கோல் தொப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. நியூசிலாந்தில், ஓக்லாந்தில், நாங்கள் போகிற தமிழ்க் கத்தோலிக்கப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதன் கீழே எழுதியிருந்தார்கள். 'வடிவாயிருக்கிறியள் அக்கா.' 'நல்லா என்ஜோய் பண்ணுங்கோ.' என் கணவர் ஓர் இதயம் போட்டிருந்தார். அந்தப் படம் எடுத்த நேரத்தில், அங்கிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், என் அண்ணாவை அடக்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இதயம் போட்டவருக்கும், வடிவு என்று எழுதியவர்களுக்கும் அது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

இத்தாலியன் எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. பென்ரோஸில் மருந்துப் பெட்டிகள் எடுத்து அடுக்கும் கிடங்கில் எனக்கு வேலை. மணிக்கட்டில் ஸ்கானரைக் கட்டி, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, இத்தாலிய வினைச்சொற்களை முணுமுணுத்தபடி தட்டுகளுக்கு நடுவே நடப்பேன். சூப்பர்வைசர் நான் செபமாலை சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப்போவார். "வை இட்டாலியன், அம்மா? நோபடி நீட்ஸ் இட்" என்றான் மகன். தமிழைப் பற்றியும் இதையே சொன்னவன் அவன். கணவர் "விசர் வேலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் மவுண்ட் ஆல்பர்ட்டில் என் மாலை வகுப்பு முடிகிற நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வெளியே, மழையென்றாலும், காரோடு காத்து நிற்பார். எங்கள் வீடு இருக்கிற மாசி என்ற புறநகர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வரும்போது இன்றைக்கு என்ன படித்தீர் என்று கேட்பார். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்ட மனுசனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நான் படித்தது அண்ணாவின் வீட்டுக் கதவைத் திறப்பிக்க. அண்ணாவுக்குத் தமிழ் மறந்துபோகவில்லை. என்னோடு கதைப்பதைத்தான் விட்டுவிட்டார். அவருடைய மகளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் நின்றது அந்தப் பிள்ளைதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சாவைச் சொல்வதில்லை. அவன் தனியாக இருக்கிறான், அவள் பரீட்சை எழுதுகிறாள், இவள் பிள்ளைத்தாச்சி, அவனுக்கு விசா இல்லை, தெரிந்தாலும் வரவா போகிறான், அழுது என்ன செய்வான், பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம். இதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். செய்யும்போது அது அன்பாகத்தான் தெரியும். நானும் செய்திருக்கிறேன்.

இருபது வருடங்களுக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்தபோது வீட்டில் இருந்தது நான். அண்ணா சிசிலியில், கையில் ஒரு காகிதமும் இல்லாமல், ஒரு முதியவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலையில் இருந்தார். இத்தாலியை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. "அண்ணாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம்" என்று நான்தான் தீர்மானித்தேன். யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் என் பொறுப்பைப் பாராட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா தொலைபேசி எடுப்பார். முதல் ஞாயிறு, அம்மா குளிக்கிறா என்றேன். இரண்டாம் ஞாயிறு, நித்திரை என்றேன். மூன்றாம் ஞாயிறு, கோயிலுக்குப் போய்விட்டா. நான்காம் ஞாயிறும் கோயில்தான். எனக்குப் புதிதாக ஒன்றும் வாயில் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடியச் சொல்லலாம் என்று இருந்தோம். அதற்கு முதல், பலெர்மோவில், அம்மாவின் முழங்கால் வலி சுகமாக மெழுகுதிரி கொளுத்தப் போன இடத்தில், ஊர்க்காரர் ஒருவர் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மாவின்ரை விஷயம் கேள்விப்பட்டன், தம்பி" என்றிருக்கிறார். அன்றே அண்ணா எடுத்தார். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"நாலு கிழமை அம்மாவை எனக்காக உசிரோடை வைச்சிருந்தனியோ?"

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

நான் கல்யாணம் கட்டி நியூசிலாந்து வந்தேன். அண்ணாவுக்குக் காகிதம் கிடைத்தது, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினார், ஒரு மகள் பிறந்தாள், பிறகு மனைவி பிரிந்துபோனார். இதெல்லாம் பிறர் சொல்லி அறிந்தவை. ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்து பிறந்த நாளில், நான் தொலைபேசி எடுப்பேன். மகள்தான் எடுப்பாள். சின்னக் குரலாக இருந்த காலத்திலிருந்து ஒரே வசனத்தைத்தான் சொல்வாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் இரண்டாம் வகுப்பிலேயே அதன் அர்த்தம் விளங்கிவிட்டது: அப்பா வீட்டில் இல்லை. அவள் அதைச் சொல்லும்போது பின்னால் அண்ணா இருமுவது கேட்கும். எங்கள் அப்பாவின் இருமல் அது. மாசியில் சமையலறையில் நின்று அந்த இருமலைக் கேட்டுவிட்டு, நத்தார் சமையலைத் தொடர்வேன்.

பத்து வருட வேலைக்கு நீண்ட லீவு கிடைத்தபோது அக்ரிஜென்டோவில் நான்கு கிழமை வகுப்புக்குப் பதிந்தேன். காலையில் பாடம், பின்னேரம் பழைய கோயில்களைச் சுற்றிப் பார்ப்பது. நாலாம் கிழமை முடிய அண்ணாவின் ஊருக்குப் போவது என் திட்டம். விலாசம் இருந்தது. நான் அனுப்பிய நத்தார் வாழ்த்து அட்டைகள் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அதையே பெரிய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இறங்கிய நாளே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பயம்தான், வேறொன்றுமில்லை. கதவைத் திறக்கப் போவது அந்தப் பிள்ளை. நான் உன் அத்தை, உன் அப்பாவுக்கு ஒரு பிழை செய்தேன், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன், உள்ளே விடு. இந்த நான்கு வசனங்களையும் தடக்காமல் சொல்லிவிட வேண்டும். தடக்கினால் கதவைச் சாத்திவிடுவாள் என்று எனக்குள் ஒரு நிச்சயம். இன்னும் ஒரு கிழமை படித்தால் சரியாக வரும், இன்னும் ஒரு கிழமை என்று நாளைக் கடத்தினேன். இருபது வருடம் பொறுத்தவர் இருபத்தெட்டு நாள் பொறுக்க மாட்டாரா என்று நினைத்தேன்.

வகுப்பில் ஜெர்மன்காரத் தம்பதி, ஒரு ஜப்பான்காரி, நான். என்னைத் தவிர எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பொழுதுபோகாமல் இத்தாலியன் படிக்கிறவர்கள். பின்னேரங்களில் ஆசிரியை எங்களைத் தூண்களுக்கு முன்னால் நிறுத்தி, பார்ப்பதை ஐந்து வசனத்தில் சொல்லச் சொல்வாள். உடைந்து விழுந்த கல் மனிதன் ஒருவன் புல்லுக்குள் மல்லாந்து கிடப்பான். அவனைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். ஜெர்மன்காரர் "எவ்வளவு அமைதி" என்று பெருமூச்சு விடுவார். எனக்குச் சிரிப்பு வரும், எரிச்சலும் வரும். எங்கள் ஊரில் கூரை போன வீடுகளையும், ஷெல் விழுந்து சுவர் மட்டும் நிற்கிற கோயிலையும் பார்க்க யாரும் தொப்பி போட்டுக்கொண்டு டிக்கெட் எடுத்து வருவதில்லை. இடிந்ததும் போதிய காலம் பழசாக வேண்டும் போலிருக்கிறது. என் முறை வந்தபோது, "இங்கே ஆட்கள் இருந்தார்கள். இப்போது இல்லை. கல் இருக்கிறது" என்றேன். மூன்று வசனம்தான். ஆசிரியை கவிதை என்று கைதட்டினாள்.

கோயில்களைவிட எனக்குப் பிடித்தது அந்த ஊர்ச் சுவர்கள். அங்கே ஒருவர் இறந்தால் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கறுப்புக் கரை, மேலே சிலுவை, பெரிய எழுத்தில் பெயர், வயது, பூசை நடக்கும் கோயில், மணி. எழுத்து பெரிது, சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை, என்னைப் போன்ற மாணவிக்கு ஏற்ற பாடப்புத்தகம். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். முன்பின் தெரியாதவர்களின் சாவை வைத்து வாசிப்புப் பழகினேன். பிழையில்லாமல் வாசித்து முடித்த அன்று எனக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"இப்ப செத்த வீட்டு நோட்டீஸ் எல்லாம் எனக்கு நல்லா விளங்குது" என்றேன்.

"ம்ம். சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். நான் சொன்னது கேட்கவில்லையாக்கும், லைனில் ஏதோ பிழை என்று நினைத்தேன்.

இரண்டாம் கிழமை, புதன்கிழமை, அந்தப் படத்தை எடுத்தோம். ஜப்பான்காரிதான் எடுத்துத் தந்தாள். காற்று தொப்பியைத் தூக்கப் பார்க்க, பிடிக்காமல் கையை விரித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். அன்று பின்னேரம் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன்? படம் அதற்குச் சாட்சி.

மூன்றாம் கிழமை சனிக்கிழமை, இன்னொரு ஊர் இடிபாடுகளுக்கு எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று காலை எழும்பியபோதே, தூண் பார்த்தது போதும், இன்றைக்கே அண்ணாவிடம் போகிறேன் என்று திடீரென்று ஒரு துணிவு. யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. வேறு பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் என் நான்கு வசனங்களையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு ஒன்றும் தடக்கவில்லை.

மலைமேல் சின்ன ஊர். பஸ் நின்ற இடத்தில் ஒரு பேக்கரி, எதிரே ஒரு நீண்ட மஞ்சள் சுவர். பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்தேன். இரண்டு நோட்டீஸ்கள். ஒன்றில் யாரோ ஒரு சிசிலிப் பெண், தொண்ணூறு வயது. மற்றதன் ஒரு மூலை மழையில் உரிந்து தொங்கியது. அதில் எங்கள் அப்பாவின் பெயர். அதற்குப் பக்கத்தில் அண்ணாவின் பெயர். கண் பெயரில் நிற்கவில்லை, பழகியபடி ஓடி முடித்தது: வயது, கோயில், புதன்கிழமை, பின்னேரம் நான்கு மணி, துயரத்தோடு அறிவிக்கும் மகள். எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். ஒன்றுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை.

பேக்கரிக்காரி வெளியே வந்து தண்ணீர் தந்தாள். நான் நிலத்தில் இருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் செய்த வேலை கணவருக்குத் தொலைபேசி எடுத்தது. அவருக்குச் சொல்ல வேண்டும், அழ வேண்டும் என்று எடுத்தேன். ஓக்லாந்தில் இரவுச் சாப்பாட்டு நேரம். "அண்ணா போயிட்டார்" என்றேன். அவர் "ஐயோ" என்று சொல்லவில்லை.

"எங்க நிக்கிறீர்? ஆர் சொன்னது?" என்றார்.

அந்த இரண்டு கேள்வியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பதினொரு நாளாகத் தெரியும். அதற்கு முன்னாலும் தெரியும். நான் சிசிலிக்குப் போன மூன்றாம் நாளே அண்ணாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மகள் அவருடைய குறிப்புப் புத்தகத்தில் எங்கள் மாசி வீட்டு நம்பரைக் கண்டுபிடித்து எடுத்திருக்கிறாள். பள்ளிக்கூட இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். என்னுடைய இத்தாலிய நம்பர் கணவரிடம் மட்டும்தான் இருந்தது.

"ஏன் சொல்லேல்லை?"

"தனிய நிக்கிறீர். பிரஷர்காரி. ஆரும் பக்கத்தில இல்லை. பதறிப்போய் ரோட்டில விழுந்தா ஆர் பாக்கிறது? படிப்பு முடிஞ்சு வரட்டும், ஆறுதலாச் சொல்லுவம் எண்டுதான்…"

"ரெண்டு மணித்தியாலம்! பஸ்ஸில ரெண்டு மணித்தியாலம்!" என்று கத்தினேன். பேக்கரிக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவரும் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டேதான் சொன்னார். குத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "நீர்தானே சொல்லுவீர், அம்மாவின்ரை விஷயத்தை அண்ணாவுக்கு மறைச்சது அவரில இருந்த பாசத்திலதான் எண்டு. நானும் அப்பிடித்தானே செய்தனான்?"

தொலைபேசியை வைத்தேன். இருபது வருடமாக அவரிடம் அப்படிச் சொல்லிச் சொல்லி நியாயப்படுத்தியது நான்தான்.

அண்ணாவின் வீட்டுக் கதவைத் திறந்தது அந்தப் பிள்ளைதான். எங்கள் அம்மாவின் நெற்றி. என் நான்கு வசனங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வரவும் தேவைப்படவில்லை. "அத்தை" என்று தமிழில் சொன்னாள். அந்த ஒரு சொல்லை யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. இருவரும் கட்டிப் பிடித்து அழுதோம். கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று அவளும் அதிகம் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னேர பஸ்ஸில் திரும்பி, இரண்டு நாளில் ஓக்லாந்து வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால், எங்கள் கோயில் பங்குக்காரர் எல்லோரும் அண்ணாவுக்காக முதலே பூசை ஒப்புக்கொடுத்து முடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் முன் வாங்கில் இருந்திருக்கிறார், பூசை முடிய வந்தவர்களுக்குக் கறி அடைத்த பற்றிஸும் தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார். "அவாவுக்கு இன்னும் தெரியாது, ஒருதரும் சொல்லிப்போடாதேங்கோ" என்று கேட்டுக்கொண்டாராம். ஒருதரும் சொல்லவில்லை. ஒரு ரகசியத்தை மூன்று நாள் வைத்திருக்க முடியாத சனம், இதை மட்டும் இரும்புப் பெட்டியில் வைத்ததுபோல் வைத்திருந்தது. சந்தேகம் வரக் கூடாதென்றுதான் படத்துக்கும் விருப்பம் போட்டார்களாம். ஒருத்தி என் கையைத் தடவிக்கொண்டு இதைச் சொன்னாள், நான் நன்றி சொல்ல வேண்டும் என்ற முகத்தோடு. நான் அந்தப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். படத்தை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

இப்போது அண்ணாவின் மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்கிறாள். அங்கே அது சனி இரவு, வேலை முடிந்து வந்து எடுப்பாள். அவள் எனக்காக ஆறுதலாகக் கதைப்பாள், நான் பிழையும் சரியுமாகப் பதில் சொல்வேன். போன ஞாயிறு ஆஸ்பத்திரியைப் பற்றித் தானாகவே சொல்லத் தொடங்கினாள். நான் சிசிலியில்தான் நிற்கிறேன் என்பதை என் கணவர், அவளுக்கு மாமா, தொலைபேசியில் சொன்னதும், அவள் ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். அண்ணா தலையை வாரிவிடச் சொன்னாராம். வந்தால் கூப்பிடு என்று 'அத்தை' என்ற சொல்லைப் பழக்கினாராம். அதற்குப் பிறகு எட்டு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தாராம், வந்துவிட்டாளா, வந்துவிட்டாளா என்று.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

மாமா உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டார், அப்பாவிடம் எப்படிச் சொல்வது, அதனால் ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னேன் என்றாள். ஒரு நாள், அத்தை வகுப்பில் இருக்கிறா. ஒரு நாள், அத்தைக்கு நாளைக்குப் பரீட்சை. கடைசி மூன்று நாளும் வேறொன்றும் தோன்றவில்லை, அத்தை கோயில் பார்க்கப் போயிருக்கிறா என்றே சொன்னேன்.

"அப்பா என்ன சொன்னார்?"

"சிரித்தார். பிறகு கேட்கவில்லை."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் போகவில்லை. அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். வெளியே மழை. கணவர் புல்வெட்டும் மெஷினைக் கராஜுக்குள் தள்ளிவிட்டு, கால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அண்ணா கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த மனுசன் பிறகு நிமிர மாட்டார். ஏற்கனவே ஒருமுறை நெஞ்சில் குழாய் வைத்தவர்.

"என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. சும்மா சுகம் விசாரிச்சவள்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி போடக் கேத்திலை வைத்தார். எவ்வளவு இலேசாக வந்தது அது என் வாயில்.